மூன்றாம் ஓலை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏற்காட்டு மலையிலிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் தனக்கோடி. பக்கத்தில், கிளீனர் உட்காருகிற இடத்தில், சகாயநாதன். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். ஒருவன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன், இன்னொருவன் மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கிறவன். அந்த வித்தியாசம் இருவருக்கும் கேலி பேசத்தான் உதவியது, சண்டை போட உதவியதில்லை.

இன்றைக்கு மட்டும் கேலி எடுபடவில்லை. தனக்கோடி ஒவ்வொரு வளைவிலும் எதையாவது சொல்லிப் பார்த்தான். சகாயநாதன் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே வந்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயில்வே ஸ்டிரைக் நடக்கிற வைகாசி மாதம் இது. லாரிக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. புதன்கிழமை சொந்த ஊர் மரக்காணத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு மதராஸ் போனார்கள். உப்பை இறக்கிவிட்டு எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் வழியாக மலை ஏறினார்கள். தங்கச்சிக்குக் கல்யாணப் புடவை வாங்க மதராஸ் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தான் சகாயநாதன். புடவையும் வாங்கினான். அது பொய் இல்லை. ஆனால் மலைக்கு ஏன் போகிறோம் என்பதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

தங்கச்சி இன்னாசிமேரி எட்டு வருஷமாக விதவை. அவள் புருஷன் சேவியர்ராஜ் ஐப்பசிப் புயலில் படகோடு போனவன். அவனைப் புதைத்தாயிற்று, பூசை வைத்தாயிற்று, வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. அப்படிப்பட்ட ஆள் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறான் என்று காப்பி லோடு அடிக்கிற டிரைவர் ஒருவன் தனக்கோடியிடம் சொன்னான். ஊர், பேர், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் சரியாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அந்தத் தழும்பை நேரில் பார்த்துவிட்டார்கள்.

இன்று விடியற்காலை சேவியர்ராஜே குளிருக்குப் போர்த்திக்கொண்டு லாரியிடம் வந்தான். உர கோடவுனின் வாசலில் குந்தி உட்கார்ந்து, மச்சானின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

புயலில் படகு உடைந்தது. இவனும் குப்புசாமியும் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். குப்புசாமி ஏற்காட்டு மலைக்காரன், உப்பளத்துக்குக் கூலிக்கு வந்து, படகிலும் ஏறியவன். இரண்டாம் நாள் அவனுக்குக் கை விட்டுப்போக ஆரம்பித்தது. சேவியர்ராஜ் தன் கழுத்திலிருந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்த துணித்துண்டுகள் கோத்த கயிற்றை, கழற்றி அவன் கழுத்தில் போட்டான். உத்தரியத்தோடு சாகிறவனை மாதா கைவிட மாட்டாள் என்பது சின்ன வயசிலிருந்து கேட்ட பேச்சு. ஞானஸ்நானம் இல்லாத ஆளாக இருந்தால் என்ன, போகிறவன் நல்ல கதிக்குப் போகட்டும் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு அலை வந்து குப்புசாமியைக் கொண்டுபோயிற்று.

இவனைக் கடலூர்ப் பக்கத்து ஆட்கள் எடுத்துக் கரை சேர்த்தார்கள். ஒரு மாசம் ஜுரத்தில் கிடந்தான். எழுந்ததும், செத்தவன் பெண்சாதிக்குச் சேதி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மலைக்கு வந்தான். அந்தப் பெண் ஆராயி பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. விறகு வெட்டித்தரக்கூட ஆள் இல்லை. பத்து நாள் இருந்து உதவிவிட்டுப் போகலாம் என்று இருந்தான். அதற்குள் ஊரில் தன்னைப் புதைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அவன் காதுக்கு வந்தது. பத்து நாள் எட்டு வருஷமாயிற்று. இப்போது ஆராயிக்கு அவன் மூலமாகவும் இரண்டு பிள்ளைகள்.

"செத்துப்போனவன் திரும்பி வர்றதுக்கு ஒரு தைரியம் வேணும் மச்சான். எனக்கு அது வரல" என்றான்.

சகாயநாதன் அவனை அடிக்கத்தான் நினைத்து வந்தான். நாலு நாளாகக் கையைத் தயாராக வைத்திருந்தான். ஆனால் உத்தரியத்தைக் கழற்றிக் கொடுத்த கதையைக் கேட்டபிறகு கை எழவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. இந்தக் குழப்பத்தில் ஒரு பங்கு அவனுடையது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் ஒதுங்கிய பிணத்தை அடையாளம் காட்டப் போனவன் சகாயநாதன்தான். நாலு நாள் கடலில் கிடந்த முகம், பார்க்கும்படியாக இல்லை. கழுத்தில் உத்தரியம் இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு நூல் தையல், இன்னாசிமேரி கைவேலை. அவர்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கிற எவனும் குளிக்கும்போதுகூட உத்தரியத்தைக் கழற்றமாட்டான். ஆகவே கழுத்தில் எவனுடையது இருக்கிறதோ, அவன்தான் ஆள். சகாயநாதன் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. உயரத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. எங்க மச்சான்தான் என்று சொல்லிக் கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சாமியார் இப்போது இன்னாசிமேரிக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்க ஒத்துக்கொண்டார்.

கிளம்பும்போது சேவியர்ராஜ் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவை சாட்சி சொல்லிட்ட மச்சான். அது அப்படியே இருக்கட்டும். அவளாவது நல்லா இருக்கட்டும்."

சகாயநாதன் கதவைச் சாத்தினான்.

மலை முடிந்து சமதரை வந்தது. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கிழக்கே திரும்பினார்கள். வெயில் ஏற ஏற என்ஜின் சூடு காலைச் சுட்டது. ஆத்தூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த தனக்கோடி, பிறகு நேராகவே கேட்டான். நாளைக்கு என்ன பண்ணப் போகிறாய்?

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஓலை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் ஓலையாக வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்லிவிட்டு ஜனங்களைப் பார்ப்பார். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் தாண்டியாயிற்று. நாளைக்கும் தாண்டிவிட்டால் புதன்கிழமை தாலி.

மாப்பிள்ளை அந்தோணிசாமி அனுமந்தைக்காரர். பெண்சாதியை இழந்தவர், பிள்ளை இல்லை. சைக்கிளில் மீன் விற்கிறவர். ஒரு வருஷமாக இன்னாசிமேரியிடம் அரை வார்த்தை அதிகம் பேசாமல், ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு மரக்காணம் வந்து போனவர். எட்டு வருஷமாக உப்புக் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு முகம் கழுவாமல் படுத்தவள், இந்த நாலு மாசமாகத்தான் தலையில் பூ வைக்கிறாள். அந்தப் பூவை எடுக்கச் சொல்லும் தெம்பு சகாயநாதனுக்கு இல்லை.

தனக்கோடிக்கு இதில் குழப்பமே கிடையாது. அவன் அந்தோணிசாமிக்கும் வேண்டியவன், இன்னாசிமேரியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன். மலையில் இருக்கிறவன் இறங்கி வரப்போவதில்லை, அவனே இறந்தவனாக இருக்கிறேன் என்கிறான். அப்புறம் எதற்குக் கிளறவேண்டும் என்று கேட்டான். ஊரார் எல்லோருக்கும் நல்லதாக முடிகிற ஒரு காரியத்தை ஒருத்தன் வாய் கெடுக்க வேண்டுமா என்றும் கேட்டான்.

சகாயநாதன் அதை மறுக்கவில்லை. அவனுக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்த ஆசையோடு நாளைக்குப் பாடகர் குழுவில் நின்று வாயைத் திறந்து பாடமுடியுமா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடிக்கும்போது தனக்கோடிக்கு ஒரு யோசனை வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"டேய் சகாயம், உங்க கோயில்ல ஒரு பொட்டி இருக்குதே, உள்ள முட்டி போட்டு சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லுவீங்களே. அங்க சொன்னா அவரு வெளிய சொல்லக்கூடாதுதானே?"

"கழுத்தை அறுத்தாலும் சொல்லக்கூடாது."

"அங்க சொல்லிடு. உன் பாரமும் இறங்கிடும், அவரு வாயும் கட்டிடும். கல்யாணமும் நடந்துடும்."

நூறு பூசை கண்ட சகாயநாதனுக்குத் தோன்றாத வழி, ஒரு பூசைகூடக் காணாத தனக்கோடிக்குத் தோன்றியது. முதலில் சகாயநாதன் சிரித்துவிட்டான், நாலு நாளில் முதல் தடவையாக. பிறகு டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். சொல்லாமல் இருப்பதுதானே பாவம்? சொல்லிவிட்டால்? அதுவும் சாமியாரிடமே சொல்லிவிட்டால்? மனசு தனக்கு வேண்டிய நியாயத்தைத் தானே தேடிக்கொள்ளும். விழுப்புரம் வருவதற்குள் சகாயநாதன் முடிவு செய்துவிட்டான்.

திண்டிவனத்தில் மூட்டைகளை இறக்கினார்கள். அங்கிருந்து மரக்காணம் ரோடு. பனைமரங்கள் முடிந்ததும் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பு வெளுப்பு தெரிந்தது. கண் கூசியது. வேலை முடிந்து பெண்கள் வரப்பில் வரிசையாகப் போனார்கள். அதில் தங்கச்சி இல்லை என்று பார்த்துக்கொண்டான். இன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருக்கமாட்டாள். கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை, அவளும் அந்தப் பெட்டியில் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு, கோயிலுக்கு வந்திருப்பாள்.

ஐந்து மணிக்குக் கோயில் எதிரில் லாரி நின்றது. தனக்கோடி வண்டியிலேயே இருந்தான்.

உள்ளே இரண்டு வரிசை. பெட்டிக்கு வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். பெண்கள் வரிசையில் நாலாவது ஆளாக இன்னாசிமேரி முக்காடிட்டு நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. புடவை வாங்கிவிட்டாயா என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கே தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் போலிருந்தது அவனுக்கு.

அவன் முறை வந்தது. மண்டியிட்டு, வழக்கமான ஜெபத்தைச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மலை, தழும்பு, உத்தரியம், கையெழுத்து. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்ல நிறைய நேரம் பிடித்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள்.

 இதை வெளியே வந்து, நான் குடியிருக்கிற அறைவீட்டில் என்னிடம் சொல்வாயா என்று சாமியார் கேட்டார். சகாயநாதன் அதற்குப் பதிலாக முடிவு ஜெபத்தை ஆரம்பித்தான்.

சாமியாருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தவர், இதைவிடக் கெட்டிக்காரத்தனங்களைப் பார்த்தவர். அவர் கோபப்படவில்லை. அதுதான் சகாயநாதனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இங்க கேட்டதை நான் எங்கயும் சொல்ல முடியாது. அதனால நாளைக்கு ஓலையை வாசிச்சுத்தான் ஆகணும், வாசிப்பேன். தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னும் கேப்பேன். அப்போ நீ எங்கப்பா உக்காந்திருப்பே?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியவில்லை. வெளியே சொல்ல மனசில்லாதவனுக்குப் பாவப்பொறுத்தல் தரத் தனக்கு அதிகாரமில்லை என்றும், மனசு வரும்போது எந்நேரமானாலும் கதவைத் தட்டு என்றும் சொன்னார். சின்ன மரக்கதவு மூடிக்கொண்டது.

பாவசங்கீர்த்தனம் முடிந்தவன் நேராகப் பீடத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டு, சாமியார் கொடுத்த அபராத ஜெபங்களைச் சொல்லவேண்டும். அது எல்லாரும் செய்வது. குடித்துவிட்டு வருகிறவன்கூடச் செய்வான். சகாயநாதனுக்குச் சொல்ல அபராதம் எதுவும் கிடைக்கவில்லை. எழுந்தவன் பீடத்தின் பக்கமே திரும்பாமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

இரண்டு வரிசையும் அதைக் கவனித்தது. ஊர்க் கோயிலில் இதைவிடப் பெரிய சேதி இல்லை. இன்னாசிமேரியும் பார்த்தாள். தன் முறைக்கு இன்னும் ஒரே ஆள்தான் இருந்தது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் அண்ணன் நின்றிருந்தான். அவள் கிட்டே போய் முக்காட்டை விலக்கினாள்.

"சாமியார் உனக்குப் பாவப்பொறுத்தல் குடுக்கலையாண்ணா?"

அவன் இல்லை என்றான்.

"என் விஷயமா?"

இதற்குமேல் மறைப்பது சகாயநாதனால் ஆகவில்லை. மலையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். உள்ளே சொன்னதைவிட வேகமாகச் சொல்லி முடித்தான். சொல்லிவிட்டு, என்னை நாலு அறை அறைந்துவிடு என்று கேட்டுக்கொண்டான். அவள் அறையவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அழுகை வரவில்லை.

"அவரு நல்லா இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இருக்கான்."

"அப்போ இங்க புதைச்சிருக்கிறது அந்தப் பொண்ணோட புருஷனா?"

"ஆமாம்."

"அது அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான் சகாயநாதன். சேவியர்ராஜுக்கு மரக்காணத்தில் வேறொரு பெண்சாதி இருப்பதும் ஆராயிக்குத் தெரியாது.

 எட்டு வருஷம் ஒரு முன்பின் தெரியாதவனுக்கு அழுதிருக்கிறோம் என்பது இன்னாசிமேரிக்கு உறைக்க நேரமாயிற்று. கட்டினவன் தன்னை மறந்து பிள்ளை குட்டியோடு இருக்கிறான் என்ற கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்து, அவள் கழுத்து நரம்பு புடைத்து, மெல்ல அடங்கியது. எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தோணிசாமி நினைவு வந்தது. அப்போதுதான் அவள் கண் கலங்கிற்று.

நீ ஒன்றும் கேட்கவில்லை என்று இருந்துவிடு, நானும் சொல்லவில்லை என்று இருந்துவிடுகிறேன் என்றான் சகாயநாதன். கெஞ்சினான் என்றே சொல்லவேண்டும். உன்னைத் தவிர தெரிந்தவர்கள் நாலே பேர், நாலு பேரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றான்.

"அங்க ஒருத்தி எட்டு வருஷமா ஏமாந்துட்டு இருக்கா" என்றாள் அவள். "இங்க ஒருத்தரை நான் ஏமாத்தணுமா? எனக்கு அந்த வாழ்க்கை வேணாம்ணா."

முக்காட்டை மறுபடி போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள். சகாயநாதன் பின்னாலேயே ஓடினான்.

வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் வரிசைக்குப் போகவில்லை. பெட்டிக்கு முன்பக்கம், சாமியார் உட்கார்ந்திருக்கிற திரைக்கு எதிரில் போய் நின்றாள். மண்டியிடவில்லை.

"சாமி, வெளிய வாங்க. இது பாவசங்கீர்த்தனம் இல்ல, எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன். என் புருஷன் உயிரோட இருக்காரு. நாளைக்கு ஓலை வாசிக்காதீங்க."

கோயிலில் அதற்குப் பிறகு இருமல்கூட இல்லை. சாமியார் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார். ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் அவருக்கு உரிமையில்லை.

சகாயநாதன் தானாகவே முன்னால் வந்தான். "ஆமாங்க சாமி. நான் சரியா பார்க்காம சாட்சி சொல்லிட்டேன். அவனை நேத்து நேர்ல பார்த்தேன்" என்றான்.  குரல் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

ஓலையை வாசிக்கமாட்டேன் என்றார் சாமியார். புதுச்சேரிக்கு எழுதிப் பிஷப் ஆண்டவரிடம் கேட்கவேண்டும், பதில் வர மாசக்கணக்காகலாம், வருகிற பதில் நல்லதாக இருக்கும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார். எதையும் இனிப்பாக்கிச் சொல்லவில்லை. இன்னாசிமேரி தலையசைத்தாள். அவள் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை.

வெளியே தனக்கோடி லாரியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் பீடியைப் போட்டு மிதித்தான். தன் யோசனை பலிக்கவில்லை என்று அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"கோடி அண்ணே, அனுமந்தை வரைக்கும் போகணும்" என்றாள் இன்னாசிமேரி. "ஊர்ப் பேச்சு போறதுக்குள்ள நான் போகணும்."

நாலு நாளாகப் பட்டணமும் மலையும் சுற்றிய வண்டி கடலோர ரோட்டில் தெற்கே திரும்பியது. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.   தனக்கோடி தங்கச்சியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டினான். நடந்தே வந்திருக்கலாம் என்று தோன்றும்படி மெதுவாக ஓட்டினான்.

அனுமந்தை போய்ச் சேர்ந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. அந்தோணிசாமி வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். லாரிச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர், வந்திருப்பது யார் என்று பார்த்ததும் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தார். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாத நாள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

சகாயநாதன் இறங்கப்போனான். இன்னாசிமேரி அவன் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். தானே இறங்கி, மணலில் நடந்து, அவருக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"நாளைக்கு நல்ல வேட்டி கட்டிக்கிட்டு கோயிலுக்கு வராதீங்க. நம்ம பேரை வாசிக்கமாட்டாங்க. ஏன்னு சொல்றேன். முழுக்கக் கேட்டுட்டு, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி. உக்காருங்க."

அந்தோணிசாமி அவளையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கவிழ்ந்த சைக்கிளுக்குப் பக்கத்தில், மணலிலேயே உட்கார்ந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்து, புயலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.